படுத்த படுக்கையாயிருப்போரைப் பேணும் விதம்
(குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமையன்று, கோவிலுக்கு வர இயலாத வியாதிக்காரருக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். பக்கவாதத்தால் ஒரு புறம் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள், முதுகெலும்பில் அடிபட்டு இரு கால்களும் உணர்வற்றுப் போன வாலிபர்கள் ஆகிய இவர்களெல்லாம் நம் தெருக்களிலேயே, நாலு சுவருக்குள் கிடக்கிறார்கள். இன்று உங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லாதிருக்கலாம். ஆனால் நாளைக்கு யார் வீட்டில் கட்டில் போடப்படும் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. ஆகையால் இவ்வாரப் பாடத்தை எல்லாக் குடும்பங்களும் வாசிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன்.

முதலில் என்னுடைய குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உதவிக் குருவாக வேறொரு பங்கில் இருந்த காலத்தில், பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு வயதான தாயாருக்கு மாதாமாதம் நற்கருணை கொண்டு போவேன். வீடு கூட்டி மெழுகியிருக்கும். கட்டிலில் வெள்ளை விரிப்பு; தலைமாட்டில் மாதா சுரூபம்; ஊதுவத்தி மணக்கும். மூத்த மருமகள் முக்காடிட்டு முழந்தாளிட்டிருப்பாள். இப்படிப்பட்ட பக்தியுள்ள குடும்பம் கிடைத்ததே என்று நான் மனதுக்குள் மகிழ்ந்து, ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அந்த ஊதுவத்தி எதற்காகக் கொளுத்தப்பட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அத்தாயாரின் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், எலும்பு தெரியுமளவுக்கு ஒரு புண் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. அப்புண்ணோடேயே அவர்களை அடக்கம் செய்தோம்.

அக்குடும்பத்தாரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மருமகள் தினமும் மாமியாருக்குத் தன் கையால் ஊட்டினாள், தலை வாரினாள், இரவில் கட்டிலருகே பாய் விரித்துப் படுத்தாள். திருப்பிப் படுக்க வைத்தால் கிழவி வலியால் கத்துகிறாளே, அசைக்காமல் விடுவதுதான் இரக்கம் என்று நினைத்துவிட்டாள். சிவந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் தேய்த்தும் விட்டாள். இரண்டும் தவறு என்று அவளுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இருந்ததில்லை. மாதாமாதம் கட்டிலருகே நின்ற நானும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று முதல், தெரிந்த வைத்தியர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டுக் கேட்டு நான் கற்றுக் கொண்டதையே உங்களுக்கு இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. படுக்கைப் புண் எப்படி உண்டாகிறது?

நாம் தூங்கும்போது நம்மை அறியாமலே பல முறை புரண்டு படுக்கிறோம். ஒரே பக்கம் படுத்திருந்தால் அவ்விடத்துத் தோலிலும் சதையிலும் இரத்த ஓட்டம் தடைப்படும். உடனே உடல் தானே புரண்டு கொள்ளும். அசைய இயலாதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட சதை நசுங்கி, இரத்தம் வராமல் செத்துப் போகிறது. எலும்பை ஒட்டிய உட்சதை பல சமயம் முதலில் சாகிறபடியால், வெளியே காசளவு தெரியும் புண்ணுக்கு உள்ளே கையளவு குழி இருக்கக் கூடும்.

அழுத்தம் ஒன்றுதான் காரணம் என்று எண்ணாதீர்கள். ஈரம் தோலை ஊற வைத்து மெலியச் செய்கிறது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டால் நோயாளி மெள்ளக் கீழே சறுக்குகிறார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகர்ந்து, நடுவேயுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு நெரிகின்றன. போதிய உணவில்லாமை, சர்க்கரை வியாதி, உணர்ச்சியின்மை ஆகியவை இதை இன்னும் விரைவாக்கும்.

புண் வரும் இடங்களை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். மல்லாந்து படுப்பவருக்கு: பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்பு, குதிகால். பக்கவாட்டில் படுப்பவருக்கு: காது, தோள், இடுப்பின் பக்கத்து எலும்பு, முழங்கால்களின் உட்புறம், கணுக்கால். நாற்காலியில் உட்காருபவருக்கு: உட்காரும் எலும்புகள் இரண்டும், வால் எலும்பும்.

2. நாள்தோறும் தோலைப் பார்த்தல்

காலையில் உடம்பு துடைக்கும்போது மேற்சொன்ன இடங்களையெல்லாம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் தோலுள்ள தேசத்தார் எழுதிய புத்தகங்களில், சிவப்பு நிறம் முதல் அறிகுறி என்றும், விரலால் அழுத்தினால் அது வெளுக்காமல் நிற்கும் என்றும் சொல்லியிருக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகையால் கண்ணோடு கையையும் உபயோகியுங்கள். பக்கத்துத் தோலைவிட ஓரிடம் அதிகக் கறுப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? தொட்டால் சூடாக, அல்லது கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? நோயாளி அவ்விடத்தைத் தொட்டால் முகம் சுளிக்கிறாரா? இவற்றில் ஒன்று கண்டாலும், புண் தொடங்கிவிட்டது என்று எடுத்துக் கொண்டு, அப்பக்கம் படுப்பதை நிறுத்திவிட வேண்டும். தோல் உரியாத இந்நிலையில் அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும்.

செய்யக் கூடாதவை நான்கு. அடையாளம் கண்ட இடத்தைத் தேய்த்துப் பிசையக் கூடாது. நசுங்கிய சதையை அது மேலும் கெடுக்கும். ஸ்பிரிட் தடவக் கூடாது. தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். காற்று ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைக்கக் கூடாது; வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவிடத்துக்கு வரும் இரத்தத்தைத் தடுக்கிறது. தோல் உரிந்த புண்ணின் மேல் மஞ்சள், சாம்பல், காப்பித்தூள் முதலியவற்றை அப்பக் கூடாது. தோல் உரிந்துவிட்டால் அன்றைக்கே நர்சிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். துர்நாற்றமோ, சீழோ, காய்ச்சலோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். புண்ணைக் காட்ட வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் மேல் யாரும் சாட்டும் குற்றமன்று; மறைத்து வைப்பதே ஆபத்து.

3. திருப்பிப் படுக்க வைத்தல்

இப்பாடத்தின் இருதயம் இதுவே. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையை மாற்ற வேண்டும். நல்ல மெத்தை இருந்து, தோலும் கெடாமல் இருந்தால் வைத்தியரின் யோசனைப்படி இரவில் இந்த இடைவெளியைச் சிறிது நீட்டலாம். நாற்காலியில் உட்கார வைத்தவரை இன்னும் அடிக்கடி, கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒரு தரம், ஒரு பக்கமாகச் சாய்த்தோ முன்னே குனியச் செய்தோ பாரத்தை மாற்ற வேண்டும்.

இந்த எளிய காரியத்துக்கு எவ்வளவு வல்லமை உண்டு என்பதைச் சரித்திரத்தால் அறியலாம். முதுகுத் தண்டு முறிந்தோர் முற்காலத்தில் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ இறந்து போனார்கள். 1944-ல் இங்கிலாந்திலே ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர், யுத்தத்தில் அடிபட்ட அப்படிப்பட்ட போர்வீரரின் பொறுப்பை ஏற்றார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் அவர்களைத் திருப்ப வேண்டுமென்று கண்டிப்பான ஒழுங்கு செய்தார். தாமே நடு இரவில் வந்து சோதித்ததும் உண்டு. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், தொழில் கற்றார்கள். 1948-ல் அவர்களுக்காக அவர் ஆரம்பித்த விளையாட்டுப் போட்டியே வளர்ந்து, இன்று உலகமெங்கும் பேசப்படும் பாராலிம்பிக் போட்டியாயிற்று.

நமது நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இரு கால்களும் செயலற்றவரானார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று பயின்று திரும்பி, தம்மைப் போன்றோருக்காக உழைத்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. அவருடைய உடலை நாள் தவறாமல் பிறர் பேணியிராவிட்டால், அந்தக் கைகள் எத்தனை பேருக்குப் பயன்படாமல் போயிருக்கும்!

திருப்பும் முறை இது. நோயாளியிடம் முதலில் சொல்லுங்கள்: “அம்மா, இப்போது உங்களை வலது பக்கம் திருப்பப் போகிறோம்.” சொல்லாமல் பிடித்துப் புரட்டினால் பயத்தால் உடம்பு விறைக்கும், வலியும் கூடும். ஒரு பருத்தி வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் எப்போதும் விரித்து வையுங்கள். இருவர் இரு பக்கமும் நின்று, அவ்வேட்டியின் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, சேர்ந்தாற்போல் தூக்கி நகர்த்த வேண்டும். அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது. அதில் தோல் உராய்ந்து உரியும். வாதம் கண்ட தோள் மூட்டு நழுவும். தூக்குகிறவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். இல்லாவிடில் வீட்டில் நோயாளி இருவராவர்!

பக்கவாட்டில் வைக்கும்போது செங்குத்தாக நிறுத்தி இடுப்பெலும்பின் மேல் முழுப் பாரமும் விழச் செய்யாதீர்கள். முதுகுக்குப் பின்னே ஒரு தலையணை வைத்து, சிறிதே, அதாவது முப்பது பாகை அளவு சாய்த்தால் போதும். இரு முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் ஒரு தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். சாப்பாட்டு நேரம் நீங்கலாக, தலைப்பக்கத்தை வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் உயர்த்தி வைக்காதீர்கள்.

காற்று மெத்தை வாங்க வசதியுள்ளவர்கள் வாங்குங்கள், நல்ல உபகாரம். ஆனால் மெத்தை வாங்கியதனால் திருப்பும் வேலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதன் மேல் கம்பளியும் ரப்பர் சீட்டும் அடுக்கடுக்காக விரித்தால் பயனில்லை. மின்சாரம் நின்றால் காற்று இறங்கும். ஆகவே மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கட்டிலுக்கு மேல் சுவரில் ஒரு தாளை ஒட்டி, “6 மணி, வலம், 8 மணி, மல்லாந்து, 10 மணி, இடம்” என்று எழுதி, திருப்பியவர் பெயரையும் குறித்து வாருங்கள். யார் திருப்பினார், எப்போது திருப்பினார் என்ற சச்சரவுக்கு இடமிராது.

4. உணவு, வாய்ச் சுத்தம்

படுத்தபடியே ஊட்டுவது பெரும் ஆபத்து. உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சல் உண்டாகும். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்த வாய். வாதம் கண்டவருக்கு நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். செயலற்ற பக்கத்தில் சோறு அவர் அறியாமலே தங்கிவிடும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். அரைத் தூக்கத்திலிருப்பவருக்கு எதையும் ஊட்டாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுகிறாரா? குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? அப்படியானால் வைத்தியரிடம் சொல்லுங்கள். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சியும் கூழும் சிலருக்கு எளிதாக இறங்கும்.

புண் ஆறுவதற்குச் சதை வளர்க்கும் புரதச் சத்து மிகவும் தேவை. “படுத்துத்தானே இருக்கிறார், கஞ்சி போதும்” என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. அது பிசகு. புண்ணுள்ள ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், ஒரு தம்ளர் பாலில் அதே அளவும்தான் உண்டு என்றால், வெறுங்கஞ்சி எம்மாத்திரம்? முட்டை, மீன், பருப்பு, பயறு, பால், தயிர் இவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். சிறுநீரக வியாதியுள்ளவருக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

காலையும் இரவும் மெல்லிய பிரஷினாலோ, ஈரத் துணி சுற்றிய விரலாலோ பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைத் துடையுங்கள். பொய்ப் பல்லை இரவில் கழற்றி வையுங்கள். வாய் சுத்தமாயிருந்தால் நுரையீரல் நோயும் குறைகிறது.

5. மலசலம்

இது பேசக் கூசுகிற விஷயமாயினும் பேசியே தீர வேண்டும். நனைந்த டயாபரையோ துணியையோ உடனே மாற்றுங்கள். “நிறையட்டும், மாற்றலாம்” என்று வைக்காதீர்கள். மிருதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ மெல்லப் பூசுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், பை எப்போதும் அடிவயிற்றைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். ஆனால் தரையில் படக் கூடாது. குழாய் மடங்கவோ உடம்புக்கு அடியில் நசுங்கவோ கூடாது. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவுங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, இரத்தம் கலந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ நர்சை அழையுங்கள்.

அசையாதவருக்கு மலச்சிக்கல் இயல்பு. பல நாள் சிக்கலுக்குப் பின் திடீரென்று நீராகக் கசிந்தால், வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மருந்து கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக் கொண்டு நீர் மட்டும் கசிவதாக இருக்கலாம். இதை வைத்தியர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

6. மூட்டுகளும் கால்களும்

அசைக்காத மூட்டு இறுகி மடங்கிவிடும். பிறகு சட்டை மாட்டவும் முடியாது. காலையும் மாலையும் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றையும் வலிக்காத அளவுக்கு மெல்ல மடக்கி நீட்டுங்கள். சில தரம் செய்தால் போதும். சரியான முறையைப் பிசியோதெரபி அறிந்தவரிடம் ஒரு முறை பார்த்துக் கற்றுக் கொள்ளுங்கள்.

உணர்ச்சியற்ற காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். வெந்தாலும் அவருக்குத் தெரியாது. குளிப்பாட்டும் நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் சோதியுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அதைப் பிடித்துவிடவோ எண்ணெய் தேய்க்கவோ வேண்டாம். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். தேய்த்தால் அக்கட்டி நழுவி நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

7. படுத்திருப்பவரும் மனிதரே

வாதத்தால் பேச்சு நின்றவர்களில் அநேகர், நாம் பேசுவதை நன்றாகப் புரிந்து கொள்ளுகிறார்கள். பதில் சொல்லத்தான் நாவு எழுவதில்லை. இதை அறியாமல் அவர் கட்டிலருகே நின்று, வைத்தியச் செலவையும், வீட்டுப் பங்கையும், “இன்னும் எத்தனை நாளோ” என்பதையும் பேசுகிறோம். அவர் கண்ணில் நீர் வழிந்தால் கண் நோய் என்கிறோம்! இந்தப் பாவத்தை நம் வீடுகளிலிருந்து நீக்குவோமாக.

உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள். துடைக்கும் பாகத்தை மட்டும் திறந்து, மற்றதை மூடி வையுங்கள். என்ன உடுத்த வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். கட்டிலை இருட்டறையிலிருந்து தெரு தெரியும் சன்னலருகே மாற்றுங்கள். பள்ளிவிட்டு வரும் பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடம் தாத்தாவின் கையைப் பிடித்துப் பேசட்டும். மாலைச் செபமாலையை அவர் கட்டிலைச் சுற்றியே சொல்லுங்கள்.

நோயில் பூசுதல் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்காலத்தில் இதை அவஸ்தைப்பூசுதல் என்றழைத்து, உயிர் போகும் நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்தோம். சாமியார் எண்ணெயோடு வந்தால் சாவும் கூட வரும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. ஆபத்தான நோயிலும் முதிர்ந்த வயதிலும் திடன் பெறவே அது கொடுக்கப்படுகிறது. நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம். நினைவு தப்பும்வரை காத்திராமல், நேரத்தோடே சொல்லி அனுப்புங்கள்.

8. பேணுகிறவரை யார் பேணுவது?

இரவிலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்திருப்பவள் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்: மருமகளோ, மணமாகாத மகளோ, வயதான மனைவியோ. அவள் இடுப்பு நோகிறது, தூக்கம் கெடுகிறது, சில வேளை எரிச்சலில் ஒரு சொல் வந்துவிடுகிறது, பின் அதையே நினைத்து அழுகிறாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இரகசியத்தை நான் சொல்லவில்லை. வீடு வீடாகக் கண்ணால் கண்டதையே சொல்லுகிறேன்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நமது ஆண்டவரிடம் எத்தனை பேர் தூக்கி வந்தார்கள்? நான்கு பேர். ஒருவன் தனியே தூக்கவில்லை. கூட்டத்தால் வாசல் அடைபட்டபோது கூரையைப் பிரித்து இறக்கவும் நான்கு பேர் இருந்தபடியால்தான் முடிந்தது. ஒரு கட்டிலுக்கு நான்கு பேர் என்பதை நம் பங்கின் ஒழுங்காக வைத்துக் கொள்வோம். ஆண்பிள்ளைகளே, திருப்புவதும் தூக்குவதும் பலமுள்ள கைகளின் வேலை. அதைப் பெண்களின் வேலையென்று ஒதுங்காதீர்கள். நோயாளிகளுக்கும் நர்சுகளுக்கும் பாதுகாவலராகிய அர்ச். கமில்லுஸ், முரட்டுப் போர்வீரராயிருந்தவர். தம் காலில் ஆறாத புண்ணைச் சாகுமட்டும் வைத்துக் கொண்டே உரோமையின் ஆஸ்பத்திரிகளில் வியாதிக்காரரைத் தூக்கிச் சுமந்தார். தூர தேசத்திலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளே, பணம் நல்லதுதான். வருடத்தில் சில நாட்களாவது வந்து அந்த இரவு முறையை நீங்கள் ஏற்று, வீட்டிலிருப்பவளைத் தூங்க விடுங்கள். அண்டை வீட்டாரே, வாரத்தில் ஒரு பிற்பகல் நீங்கள் கட்டிலருகே அமர்ந்தால், அவள் பூசைக்கோ கடைக்கோ போய் வருவாள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் “மக்களைத் தேடி மருத்துவம்” என்ற அரசாங்கத் திட்டம் தொடங்கப்பட்டது. படுக்கையிலிருப்போரை வீட்டில் வந்து பார்த்தலும், பிசியோதெரபி அளித்தலும் அதன் நோக்கங்களில் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து விசாரியுங்கள். கேட்பதில் தாழ்வொன்றுமில்லை.

நினைவில் வைக்க வினா விடை

வினா: எத்தனை மணிக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும்?
விடை: பொதுவாக இரண்டு மணிக்கு ஒரு தரம்; நாற்காலியில் இன்னும் அடிக்கடி.

வினா: நிறம் மாறிய இடத்தைத் தேய்க்கலாமா?
விடை: கூடாது. அப்பக்கம் படுக்காமல் பாரத்தை நீக்க வேண்டும்.

வினா: குதிகாலை எப்படிக் காப்பது?
விடை: கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் வைப்பது.

வினா: ஊட்டும்போது கவனிக்க வேண்டியது யாது?
விடை: நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரம் சாய்க்காமலிருப்பது.

வினா: திருப்பும்போது வலியால் கத்தினால் விட்டுவிடலாமா?
விடை: விடலாகாது. சொல்லிவிட்டு, இருவராக, வேட்டியால் மெதுவாகத் திருப்ப வேண்டும். வலி நீங்காவிட்டால் வைத்தியரிடம் சொல்லி மருந்து பெற வேண்டும்.

வினா: ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர்?
விடை: நான்கு பேர்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அறைவீட்டுத் திண்ணையில் கட்டில் போட்டு, திருப்பும் முறையையும் உட்கார வைக்கும் முறையையும் நமது பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நர்சம்மா செய்து காட்டுவார். கட்டிலில் படுப்பதற்கு நான் சம்மதித்திருக்கிறேன். என்னைத் தூக்கப் பலசாலிகள் நால்வர் வேண்டும். வாலிபர் சபையார் வரவும்.

இனி முதல் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்போது, நற்கருணை கொடுத்த பின், “குதிகாலையும் முதுகையும் இன்று பார்த்தீர்களா?” என்று கேட்பேன். கோபித்துக் கொள்ளாதீர்கள். அந்தத் தாயாரின் கட்டிலருகே நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

இங்ஙனம்,
உங்கள் பங்குக் குரு